ஒரு ஜோக் ஒரு வருஷம் ஓடிய காலம்: பிராட்வே ரெவ்யூ எப்படி மறைந்தது?

கேள்வி இதுதான்: "1920, 30களில் பிராட்வேயில் கொடிகட்டிப் பறந்த மியூசிக்கல் ரெவ்யூ 1950களில் ஏன் காணாமல் போனது? டிவி வந்ததுதான் காரணமா? மறுபடி வர வாய்ப்பு உண்டா?"

பிராட்வே என்பது நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பகுதி. டிவிதான் காரணம் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம், பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள், ஆனால் அது பாதிக் கதை. டிவி வீட்டுக்குள் வருவதற்கு இருபது வருஷம் முன்பே நியூயார்க் நாடக உலகம் பலமாக அடி வாங்கியிருந்தது. அத்தனை அடிக்கு நடுவிலும் ரெவ்யூ தாக்குப்பிடித்தது. அதன் மிகச் சிறந்த வருஷங்களே அப்போதுதான் வந்தன. அப்படிப்பட்ட ஒன்று 1948க்கும் 1957க்கும் இடையில் பத்தே வருஷத்தில் ஏன் சரிந்தது என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி. அதற்கான பதில், ரெவ்யூ என்ற வடிவம் எப்படி வேலை செய்தது என்பதில் இருக்கிறது.

ரெவ்யூவில் கதை கிடையாது. பாட்டு, நடனம், ஐந்து பத்து நிமிஷ நகைச்சுவைத் துண்டுகள் என்று இருபது முப்பது உருப்படிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். அந்த நகைச்சுவைத் துண்டுக்கு ஸ்கெட்ச் என்று பெயர். கடைசி வசனத்தில் சிரிப்பு வெடிக்கும் அதே நொடியில் விளக்கை அணைத்துவிடுவார்கள், அதை பிளாக்அவுட் என்பார்கள். வாடவில் என்ற பழைய பல்சுவை மேடையோடு இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். வாடவிலில் ஒவ்வொரு கலைஞரும் தன் உருப்படியைத் தானே தயாரித்து எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவார், இன்று நாய் வித்தைக்குப் பின்னால் பாடகி, நாளை அதே பாடகி வேறு ஊரில் மாயவித்தைக்காரருக்கு முன்னால். ரெவ்யூவில் அப்படி இல்லை. ஒரே தயாரிப்பாளர், ஒரே இசையமைப்பாளரோ ஒரு சிறு குழுவோ, சேர்ந்து ஒத்திகை பார்த்த நடிகர் கூட்டம். இப்போது பாட்டியாக வந்தவரே அடுத்த உருப்படியில் காதலியாக வருவார். எது முதலில், எது இடைவேளைக்கு முன்னால், எது கடைசிக்கு முந்தியது என்று வரிசை போடுவதே தனிக் கலை. பெரிய நடனம் முடிந்ததும் முன்திரையை இறக்கி, அதற்கு முன்னால் ஒரு காமெடியனைத் தனியாகப் பேசவிட்டு, பின்னால் சத்தமில்லாமல் அடுத்த செட்டை நிறுத்துவார்கள். நியூயார்க்கில் திறப்பதற்கு முன் பாஸ்டன், ஃபிலடெல்ஃபியா, நியூ ஹேவன் என்று வெளியூர்களில் போட்டுப் பார்த்து, சிரிக்காத ஸ்கெட்சை வெட்டி ராத்திரியோடு ராத்திரியாகப் புதிதாக எழுதிச் சேர்ப்பார்கள். கதை இல்லாததால் எதையும் எடுக்கலாம், எதையும் சேர்க்கலாம். இந்த வளைந்துகொடுக்கும் தன்மைதான் அதன் பலம். அதுவே கடைசியில் அதன் பலவீனமாகவும் ஆனது.

அமெரிக்காவின் முதல் ரெவ்யூ என்று பொதுவாக 1894ல் கேசினோ தியேட்டரில் வந்த 'தி பாசிங் ஷோ'வைச் சொல்வார்கள். ஆனால் ரெவ்யூ என்ற பெயருக்கு மவுசு வந்தது 1907ல், ஃப்ளோரென்ஸ் ஸீக்ஃபெல்ட் பாரிஸ் பாணியைப் பார்த்து 'ஃபாலீஸ்' என்று ஆரம்பித்தபோது. கிட்டத்தட்ட வருஷம் ஒன்று என்ற கணக்கில் அது வந்துகொண்டே இருந்தது. 1913லிருந்து 42ஆம் தெருவில் உள்ள நியூ ஆம்ஸ்டர்டாம் தியேட்டர்தான் அதன் வீடு. ஸீக்ஃபெல்ட் என்றதும் இறகு வைத்த பெண்கள், நீண்ட படிக்கட்டு, ஜோசஃப் அர்பன் வரைந்த பிரமாண்ட செட் என்றுதான் எல்லோருக்கும் நினைவு வரும். எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது அந்த மேடையில் நின்ற காமெடியன்கள். ஃபேனி பிரைஸ், டபிள்யூ. சி. ஃபீல்ட்ஸ், எடி கேன்டர், கயிற்றைச் சுழற்றிக்கொண்டே அன்றைய செய்தித்தாளில் வந்ததைப் பற்றிப் பேசிய வில் ராஜர்ஸ், இவர்களோடு 1910ல் சேர்ந்த பெர்ட் வில்லியம்ஸ். பஹாமாஸில் பிறந்த கறுப்பினக் கலைஞரான அவர், வெள்ளையர்கள் நிறைந்த அந்த மேடையில் முதல் வரிசை நட்சத்திரமாக நின்றார், ஆனால் அந்தக் காலத்து வழக்கப்படி தன் முகத்திலேயே கரி பூசிக்கொண்டுதான் நிற்க முடிந்தது. இதைச் சொல்லாமல் அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஸீக்ஃபெல்டைப் பார்த்து எல்லோரும் இறங்கினார்கள். ஷூபர்ட் சகோதரர்கள் 1912லிருந்து 'பாசிங் ஷோ' என்ற பழைய பெயரையே எடுத்துக்கொண்டு போட்டிக்கு வந்தார்கள், 1919ல் ஜார்ஜ் ஒயிட்டின் 'ஸ்கேண்டல்ஸ்', அதற்கு 1920லிருந்து 1924 வரை இசை இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர் ஜார்ஜ் கெர்ஷ்வின். 1921ல் இர்விங் பெர்லின் தன் பாட்டுகளுக்காகவே 'மியூசிக் பாக்ஸ்' என்று ஒரு தியேட்டரைக் கட்டவைத்து அதில் வருஷாவருஷம் ரெவ்யூ போட்டார். கறுப்பினக் கலைஞர்களின் 'பிளாக்பேர்ட்ஸ் ஆஃப் 1928' 518 காட்சிகள் ஓடியது.

இதில் ஒன்றை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கதையின் முடிவில் இது திரும்பி வரும். 1925ல் தியேட்டர் கில்ட் என்ற நாடக அமைப்பின் இளம் கலைஞர்கள், புதிதாகக் கட்டும் அரங்கின் திரைச்சீலைச் சித்திரங்களுக்குப் பணம் திரட்ட ஒரு சின்ன ரெவ்யூ போட்டார்கள், பெயர் 'கேரிக் கெய்ட்டீஸ்'. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு என்று திட்டமிட்டது. அதற்கு இசையமைத்தவர் ரிச்சர்ட் ராஜர்ஸ், பாட்டு எழுதியவர் லாரன்ஸ் ஹார்ட். பல வருஷம் முட்டிமோதியும் ஒன்றும் நடக்காமல், இசையை விட்டுவிட்டு குழந்தைகளின் உள்ளாடை விற்கும் வேலைக்குப் போய்விடலாம் என்ற நிலையில் ராஜர்ஸ் இருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை 'மான்ஹாட்டன்' என்ற பாட்டுக்கு விழுந்த கைதட்டல் அவருடைய வாழ்க்கையை மாற்றியது. நிகழ்ச்சி 200 காட்சிகளைத் தாண்டி ஓடியது. பெயர் தெரியாத ஒரு இளைஞருக்கு, முழுநீள நாடகம் ஒன்றை எழுதித் தயாரிப்பாளரைப் பிடிக்கவேண்டிய அவசியம் இல்லாமல், நாலு பாட்டோடு உள்ளே நுழைய ஒரு வாசல் இருந்தது. ரெவ்யூவின் பெரிய கொடை அதுதான் என்று நினைக்கிறேன்.

சரி, அடி எப்போது விழ ஆரம்பித்தது? 1927-28 சீசனில் பிராட்வேயில் 250க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள் திறந்தன. அதிலும் 1927 டிசம்பர் 26 அன்று ஒரே ராத்திரியில் 11 நிகழ்ச்சிகள் திறந்தன என்றால் கூட்டத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஆனால் அதற்கு இரண்டு மாதம் முன்பே பேசும் படம் வந்துவிட்டது. இரண்டு வருஷத்தில் பங்குச்சந்தை சரிந்தது. ஷூபர்ட் நிறுவனம் 1931ல் கடனில் மூழ்கி நீதிமன்றக் கட்டுப்பாட்டுக்குப் போனது. 1932 ஜூலையில் ஸீக்ஃபெல்ட் கடனாளியாக இறந்தார். அதே வருஷம்தான் வாடவிலின் கோயில் என்று சொல்லப்பட்ட பேலஸ் தியேட்டரும் முழுக்க வாடவில் என்ற முறையைக் கைவிட்டது. 42ஆம் தெருத் தியேட்டர்கள் ஒவ்வொன்றாக மலிவு விலை சினிமாக் கொட்டகைகளாக மாறின, 1937ல் நியூ ஆம்ஸ்டர்டாமும் அப்படியே ஆனது. நடிகர்களும் எழுத்தாளர்களும் ஹாலிவுட்டுக்கு ரயில் ஏறினார்கள். 1940களின் கடைசியில் ஒரு சீசனுக்கு 60, 70 நிகழ்ச்சிகள் வந்தாலே அதிகம் என்ற நிலை. அதாவது, மேடையின் பரப்பு கால்வாசியாகச் சுருங்கிய பிறகுதான் டிவியே வருகிறது.

ஆச்சரியம் என்னவென்றால், இந்தக் கஷ்டகாலம் ரெவ்யூவுக்குப் புத்தி கொடுத்தது. இறகுக்கும் படிக்கட்டுக்கும் காசு இல்லை, எழுத்தை நம்பவேண்டியதாயிற்று. 1931ல் 'தி பேண்ட் வேகன்', ஃப்ரெட் அஸ்டேரும் அவர் அக்கா அடீலும் சேர்ந்து ஆடிய கடைசி நிகழ்ச்சி, சுழலும் மேடையை நடனத்தின் ஒரு பகுதியாகவே பயன்படுத்தியது. 1933ல் 'ஆஸ் தௌசண்ட்ஸ் சியர்', என்னைக் கேட்டால் இந்த வடிவத்தின் உச்சம் இதுதான். இர்விங் பெர்லினும் மாஸ் ஹார்ட்டும் முழு நிகழ்ச்சியையும் ஒரு செய்தித்தாளாக அமைத்தார்கள், ஒவ்வொரு உருப்படிக்கும் முன்னால் ஒரு தலைப்புச் செய்தி. வானிலைச் செய்தி ஒரு நடனம், சமூகப் பக்கம் ஒரு ஸ்கெட்ச், ஈஸ்டர் ஊர்வலம் ஒரு பாட்டு. நடுவில், அடையாளம் தெரியாத கறுப்பினத்தவர் ஒருவரை வெறிக்கும்பல் கொன்றது என்று ஒரு தலைப்பு. திரை விலகினால் ஈதல் வாட்டர்ஸ், ராத்திரிச் சாப்பாட்டுக்கு மேஜையை ஒழுங்கு செய்யும் மனைவியாக நிற்கிறார். அவர் கணவன் இனி வரமாட்டான், பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்று பாடுகிறார். சிரித்துக்கொண்டிருந்த அரங்கத்தில், இரண்டு நகைச்சுவைக்கு நடுவில், இப்படி ஒரு மூன்று நிமிஷம். கதை உள்ள மியூசிக்கல், அதாவது பாட்டும் நடனமும் கலந்த நாடகம், அன்று இதைச் செய்திருக்க முடியாது, ஏனென்றால் அந்தப் பெண்ணின் கதையை யாரும் இரண்டரை மணிநேரம் தயாரிக்கப் பணம் போட்டிருக்கமாட்டார்கள். ரெவ்யூ அவளுக்கு மூன்று நிமிஷம் கொடுத்தது. 400 காட்சிகளிலும் அந்த மூன்று நிமிஷம் இருந்தது.

1937ல் இதைவிட வித்தியாசமான ஒன்று நடந்தது. பெண்கள் ஆடைத் தொழிலாளர் சங்கம், துணி வெட்டுபவர்கள், தையல் மெஷின் ஓட்டுபவர்கள் என்று தன் உறுப்பினர்களையே நடிக்கவைத்து, வேலை முடிந்த பிறகு ஒத்திகை பார்த்து, 299 இருக்கைகள் கொண்ட பழைய பிரின்சஸ் தியேட்டரில் 'பின்ஸ் அண்ட் நீடில்ஸ்' என்ற ரெவ்யூவைப் போட்டது. இசையும் பாட்டும் ஹெரால்ட் ரோம். முதலில் வார இறுதிகளில் மட்டும். பிறகு கூட்டம் தாங்காமல் முழுநேரமாகி, மொத்தம் 1,108 காட்சிகள், நடுவில் வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் முன்னிலையிலும் போட்டார்கள். உலக அரசியல் மாற மாற ஸ்கெட்ச்களை மாற்றிக்கொண்டே போனார்கள், அதனால்தான் அத்தனை நாள் பழையதாகாமல் ஓடியது. அடுத்த வருஷம் ஓல்சன், ஜான்சன் இரட்டையரின் 'ஹெல்சாபாப்பின்', அதற்கு நேர் எதிர்த் துருவம், சுத்தமான கூத்து. ஹிட்லர் யூதர்களின் யிட்டிஷ் உச்சரிப்பில் பேசும் போலிச் செய்திப்படத்தோடு ஆரம்பம். ஒருவர் ஒரு சின்னச் செடியைத் தூக்கிக்கொண்டு அரங்குக்குள் ஆளைத் தேடி வருவார், ஒவ்வொரு முறை வரும்போதும் செடி பெரிதாகியிருக்கும், நிகழ்ச்சி முடிந்து வெளியே போனால் வாசலில் மரத்தின் மேல் உட்கார்ந்திருப்பார். விமர்சகர்கள் பெரும்பாலும் திட்டினார்கள். 1,404 காட்சிகள் ஓடி, அதுவரை வந்த மியூசிக்கல்களிலேயே அதிக நாள் ஓடியது என்ற சாதனை படைத்தது. அந்தச் சாதனையை முறியடித்ததுதான் நம் கதையின் திருப்பம்.

1943 மார்ச் 31, 'ஓக்லஹோமா!' என்ற கதை உள்ள மியூசிக்கல் திறந்தது. இசை, உள்ளாடை விற்கப் போயிருக்கவேண்டிய அதே ரிச்சர்ட் ராஜர்ஸ். இப்போது கூட்டாளி ஆஸ்கர் ஹேமர்ஸ்டைன். பாட்டும் நடனமும் கதையை நகர்த்தவேண்டும், பாத்திரத்தின் மனதிலிருந்து வரவேண்டும் என்ற எண்ணம் இதற்கு முன்பும் இருந்தது, 1927ன் 'ஷோ போட்' அதற்குச் சாட்சி, ஆனால் 2,212 காட்சிகள் என்ற எண்ணிக்கைக்குப் பிறகு அது விதியாகவே ஆகிவிட்டது. ரெவ்யூவின் தொடர்பில்லாத உருப்படிகள் திடீரென்று பழைய பாணியாகத் தெரிய ஆரம்பித்தன. கலை ரசனை மாறியது என்று மட்டும் இதை எழுதிவிட்டுப் போகிறார்கள். பணக் கணக்கைப் பார்க்கவேண்டும்.

கதை உள்ள மியூசிக்கல் ஒன்று நியூயார்க்கில் முடிந்த பிறகும் சம்பாதிக்கும். 'ஓக்லஹோமா!' வெளியூர்க் குழு சுமார் பத்து வருஷம் நாடு முழுக்கச் சுற்றியது. பிறகு லண்டன், பிறகு சினிமா உரிமை, பிறகு பள்ளிக்கூடங்களும் உள்ளூர் நாடகக் குழுக்களும் உரிமைத்தொகை கட்டி வருஷக்கணக்கில் போட்டுக்கொண்டே இருப்பார்கள். ரெவ்யூவை யார் அப்படிப் போடுவார்கள்? 1948ன் நியூயார்க் மேயர் பற்றிய ஜோக் 1955ல் ஓஹாயோ பள்ளிக்கூடத்தில் யாருக்குப் புரியும்? 1948ல் கொலம்பியா நிறுவனம் எல்பி இசைத்தட்டைக் கொண்டுவந்ததும் இந்த இடைவெளி இன்னும் பெரிதானது. ஒரு மியூசிக்கலின் பாட்டுகள் மொத்தமும் ஒரே தட்டில் அடங்கின, வீட்டில் கேட்பவர் கதையையே நினைவில் ஓட்டிப் பார்க்கலாம். 'சவுத் பசிஃபிக்', 'மை ஃபேர் லேடி' தட்டுகள் எத்தனை லட்சம் வீடுகளில் இருந்தன என்பது தெரிந்த விஷயம். 1956ல் 'மை ஃபேர் லேடி'க்கு வேண்டிய முதலீடு முழுவதையும் சுமார் 4 லட்சம் டாலர் வரை போட்டதே சிபிஎஸ் என்ற வானொலி, டிவி நிறுவனம், கொலம்பியா ரெகார்ட்ஸ் அவர்களுடையது என்பதால். சில ரெவ்யூக்களுக்கும் தட்டு வந்தது, ஆனால் ரெவ்யூவில் பாதி உயிர் ஸ்கெட்சில் இருக்கிறது, அதை வீட்டில் திரும்பத் திரும்பக் கேட்கமுடியாது. ஆக, பணம் போடுபவர் பக்கத்திலிருந்து பார்த்தால், இரண்டுக்கும் ஏறக்குறைய அதே செலவு, அதே ஆபத்து, ஒன்று முப்பது வருஷம் சம்பாதிக்கும், இன்னொன்று திரை விழுந்த அன்றோடு சரி.

இப்போது டிவிக்கு வருவோம். 1948 ஜூனில் இரண்டே வார இடைவெளியில் மில்டன் பெர்லும் எட் சல்லிவனும் டிவியில் பல்சுவை நிகழ்ச்சிகளை ஆரம்பித்தார்கள். மில்டன் பெர்ல் யார்? 1943ல் ஷூபர்ட்கள் போட்ட 'ஸீக்ஃபெல்ட் ஃபாலீஸ்' நட்சத்திரம். ஃபாலீஸ் வரலாற்றிலேயே அதிகமாக 553 காட்சிகள் ஓடியது அதுதான், ஸீக்ஃபெல்ட் இறந்து பதினோரு வருஷம் கழித்து. 1949 ஜனவரியில் வந்த டிவி நிகழ்ச்சிக்குப் பெயரே 'அட்மிரல் பிராட்வே ரெவ்யூ'. அதன் தயாரிப்பாளர் மேக்ஸ் லீப்மன், பென்சில்வேனியா மலைப்பகுதியின் கோடை விடுதி ஒன்றில் வாராவாரம் புது ரெவ்யூ போட்டுப் பழகியவர், அங்கிருந்து 1939ல் 'ஸ்ட்ரா ஹாட் ரெவ்யூ'வை பிராட்வேக்குக் கொண்டுவந்தவர். நட்சத்திரங்கள் இமோஜீன் கோகா, அவர் 1930களின் தொடக்கத்திலிருந்தே பிராட்வே ரெவ்யூக்களில் இருந்தவர், இன்னொருவர் சிட் சீசர், 1948ல் 'மேக் மைன் மான்ஹாட்டன்' ரெவ்யூவில் பெயர் வாங்கியவர். 1950 பிப்ரவரியில் இதே கூட்டம் 'யுவர் ஷோ ஆஃப் ஷோஸ்' என்று சனிக்கிழமை ராத்திரி ஒன்றரை மணிநேரம் நேரலையாக வந்தது. ஸ்கெட்ச், பாட்டு, பாலே, மறுபடி ஸ்கெட்ச். பிராட்வே ரெவ்யூவை அப்படியே பெயர்த்துக்கொண்டுபோய் வைத்தார்கள். எழுத்தாளர் அறையில் மெல் புரூக்ஸ், கொஞ்ச நாளில் நீல் சைமன். காசு கொடுத்து 42ஆம் தெருவுக்குப் பக்கத்தில் வந்து பார்க்கவேண்டியதை வீட்டில் சும்மா பார்க்கலாம். 1950ல் அமெரிக்க வீடுகளில் 9 சதவீதத்தில்தான் டிவி இருந்தது, 1960ல் 87 சதவீதம்.

ஆட்களையும் வடிவத்தையும் எடுத்துக்கொண்டது போதாதென்று கட்டடங்களையும் எடுத்துக்கொண்டது. ஹட்சன் தியேட்டரை என்பிசி என்ற டிவி நிறுவனம் வாங்கியது, 1954ல் நாடு முழுக்க ஒளிபரப்பான ராத்திரி 'டுநைட்' நிகழ்ச்சி அங்கிருந்துதான் ஆரம்பித்தது. ஆர்தர் ஹேமர்ஸ்டைன் 1927ல் தன் அப்பாவின் நினைவாகக் கட்டிய தியேட்டர், சிபிஎஸ் வானொலிக்குப் போய், பிறகு எட் சல்லிவனின் டிவி அரங்கமானது, இன்றும் அவர் பெயரில்தான் நிற்கிறது. ஸீக்ஃபெல்டே ஆறாவது அவென்யூவில் கட்டிய தியேட்டரின் கதை இன்னும் வலிக்கும்: 1927ல் திறப்பு, 1933ல் சினிமாக் கொட்டகை, 1944ல் மறுபடி நாடகம், 1955ல் என்பிசி டிவி ஸ்டூடியோ, 1966ல் இடிப்பு.

ஆனாலும் இவையெல்லாம் வெளிக்காயம் என்றுதான் சொல்வேன். உள்காயம் வேறு, அதைப் பலர் பேசுவதில்லை. மேடையில் ஒரு ஸ்கெட்ச் நன்றாக அமைந்துவிட்டால் அது ஒரு வருஷம் ஓடும். தினமும் ராத்திரி ஆயிரத்துச் சொச்சம் பேர் பார்ப்பார்கள், நடிகர் அதை மெருகேற்றிக்கொண்டே போவார், எங்கே அரை நொடி நிறுத்தினால் சிரிப்பு இரண்டு மடங்காகிறது என்று முப்பதாவது காட்சியில் கண்டுபிடிப்பார். டிவியில் அதே ஸ்கெட்சை ஒரே ராத்திரியில் லட்சக்கணக்கானவர்கள் பார்த்துவிடுவார்கள், அடுத்த வாரம் அதைத் திரும்பச் செய்யமுடியாது. வாராவாரம் ஒன்றரை மணிநேரம் புதிதாக எழுதவேண்டும். ஆக, எழுதத் தெரிந்தவர்கள் அத்தனை பேரையும் டிவி நல்ல சம்பளத்தில் இழுத்துக்கொண்டது. மேடைக்கு எழுத ஆள் குறைந்தது, எழுதினாலும், ஒத்திகை பார்த்து வெளியூரில் திருத்தி நாலைந்து மாதம் கழித்துத் திறக்கும்போது அந்தச் செய்தியைப் பற்றிய ஜோக்கை டிவி எப்போதோ சொல்லி முடித்திருக்கும். அன்றன்றைய நிலவரத்தைப் பேசுவதுதான் ரெவ்யூவின் மூச்சு. அந்த வேகத்தில் அதைத் தாண்டிச் செல்ல ஒன்று வந்துவிட்டால் என்ன செய்யமுடியும்? கதை நாடகத்துக்கு இந்தப் பிரச்சினை இல்லை, காதல் நாலு மாதத்தில் பழையதாவதில்லை.

இதோடு பொதுவாக மேடை நாடகத்துக்கே வந்த கஷ்டங்களும் சேர்ந்தன. போருக்குப் பிறகு நடுத்தரக் குடும்பங்கள் புறநகருக்குப் போனார்கள், லாங் ஐலண்டின் லெவிட்டவுனில் மட்டும் 17,000க்கும் மேற்பட்ட வீடுகள். நாடகம் பார்க்க வரவேண்டுமென்றால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள், ரயிலோ காரோ, நிறுத்த இடம், அதற்கு மேல் டிக்கெட். அந்த டிக்கெட்டில் போர்க்காலத்தில் போட்ட 20 சதவீத மத்திய கேளிக்கை வரி 1954 வரை குறையவில்லை. செலவும் ஏறிக்கொண்டே போனது. பொருளாதார நிபுணர்கள் வில்லியம் பாமலும் வில்லியம் போவனும் 1966ல் இதைத் தெளிவாக விளக்கினார்கள்: தொழிற்சாலையில் மெஷின் வந்தால் பத்துப் பேர் செய்ததை இரண்டு பேர் செய்யலாம், சம்பளத்தை உயர்த்தினாலும் கட்டுப்படியாகும். நால்வர் வாசிக்கவேண்டிய இசையை நூறு வருஷம் கழித்தும் நால்வர்தான், அதே நேரம் எடுத்து வாசிக்கவேண்டும். ஆனால் அவர்களுக்கும் மற்றவர்கள் அளவுக்குச் சம்பளம் கொடுத்தாகவேண்டும். மேடைக்கலைகள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும், ரெவ்யூவுக்கு இன்னும் கூடுதலாக. முப்பது உருப்படி என்றால் முப்பது தடவை உடை, முப்பது தடவை செட், கோரஸ், ஆர்கெஸ்ட்ரா.

1950களில் என்ன மிஞ்சியது என்று பார்த்தால், ஒன்று மட்டும் பிரகாசமாகத் தெரிகிறது. லெனர்ட் சில்மன் 1934லிருந்து 'நியூ ஃபேசஸ்' என்று, பெயருக்கு ஏற்றபடி யாருக்கும் தெரியாத முகங்களை வைத்தே ரெவ்யூ போட்டுவந்தார். முதல் நிகழ்ச்சியில் ஹென்றி ஃபோண்டாவும் இமோஜீன் கோகாவும் இருந்தார்கள். 1952ல் வந்ததில் எர்தா கிட், பால் லிண்ட், ஆலிஸ் கோஸ்ட்லி, பிறகு 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யில் மரியாவாக நடித்த கரோல் லாரன்ஸ், நாஜி வதைமுகாமிலிருந்து தப்பிப் பிழைத்துவந்த பிரெஞ்சுப் பாடகர் ராபர்ட் க்ளேரி. மெல் புரூக்ஸ் எழுதிய ஸ்கெட்சில் ஜேப்படித் திருடனான அப்பா, மகன் ஒழுங்காகப் படித்து நேர்மையாகப் போகிறானே என்று உடைந்து அழுவார், ஆர்தர் மில்லரின் விற்பனையாளர் நாடகத்தைக் கிண்டல் செய்து எழுதியது. 365 காட்சிகள். ஆனால் அதில் வெளிச்சத்துக்கு வந்தவர்கள் கொஞ்ச நாளில் எங்கே போனார்கள் என்று பாருங்கள், பெரும்பாலும் டிவிக்கும் இரவு விடுதிகளுக்கும். 1953ல் ஜான் மரே ஆண்டர்சனின் 'அல்மனாக்', ஹாரி பெலஃபாண்டே இருந்தும் 229 காட்சிகளோடு நின்றது. 1956ல் டலூலா பேங்க்ஹெட்டை வைத்து எடுத்த 'ஃபாலீஸ்' நியூயார்க்குக்கே வரவில்லை, வெளியூரிலேயே மூடினார்கள். 1957ல் பியட்ரிஸ் லில்லியை வைத்து, பொன்விழா ஆண்டு என்று சொல்லி மறுபடி முயன்றார்கள், 123 காட்சிகள். அதோடு அந்தப் பெயர் பிராட்வேயை விட்டுப் போனது.

ரெவ்யூவின் புத்திசாலித்தனம் முழுக்கச் செத்துவிடவில்லை, இடம் மாறியது. செலவு குறைந்த சின்ன அறைகளுக்கும், ஆஃப் பிராட்வே எனப்படும் நியூயார்க்கின் சிறிய அரங்குகளுக்கும் போனது. 1955ல் பென் பேக்லியின் 'ஷூஸ்ட்ரிங் ரெவ்யூ'வில் பீ ஆர்தரும் சீட்டா ரிவேராவும் இருந்தார்கள். 1960ல் மைக் நிக்கல்ஸ், எலைன் மே என்ற இரண்டே பேர் ஒரு பிராட்வே மேடையில் 300க்கும் மேற்பட்ட காட்சிகள் நிரப்பினார்கள். அந்த இரண்டு பேர் என்ற எண்ணிக்கையிலேயே பொருளாதாரமும் தெரிகிறது.

மறுபடி வருமா என்ற கேள்விக்கு: 1978ல் ஃபேட்ஸ் வாலர் பாட்டுகளை வைத்து 'எய்ன்ட் மிஸ்பிஹேவின்' வந்து 1,600 காட்சிகளைத் தாண்டியதே, அது ரெவ்யூ இல்லையா என்று கேட்பீர்கள். வடிவத்தில் ரெவ்யூதான், எனக்கும் அது மிகப் பிடித்தமானது. ஆனால் அதற்குப் பிறகு வந்த இந்த வகை நிகழ்ச்சிகள் பெரும்பாலும், ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்த ஒரு இசையமைப்பாளரின் பழைய பாட்டுகளைத் திரும்ப ஒன்று சேர்ப்பவை. பழைய ரெவ்யூ புதுப் பாட்டுகளைப் பிறக்கவைத்தது, பெயர் தெரியாதவர்களுக்கு வாசல் திறந்தது. அந்த வேலையை இப்போது செய்வது, 1975லிருந்து அதே நியூயார்க்கில், அதே என்பிசியில், அதே சனிக்கிழமை ராத்திரி, அதே ஒன்றரை மணிநேரம் நேரலையாக வரும் 'சாட்டர்டே நைட் லைவ்'தான். அதில் ஸ்கெட்ச் எழுத ஆள் வருகிறார்கள். ஆனால் ஒரு இருபத்திரண்டு வயதுக்காரர் நாலு பாட்டை எடுத்துக்கொண்டு போய் பெரிய மேடையில் ஆர்கெஸ்ட்ராவோடு கேட்டுப் பார்க்க அங்கே இடம் இல்லை, பிராட்வேயிலும் இல்லை. இன்று பிராட்வேயில் ஒரு மியூசிக்கலுக்கு ஆகும் கோடிக்கணக்கான டாலர் செலவில், யாருக்கும் தெரியாத ஆட்களின் ரெவ்யூவுக்கு யாரும் பணம் போடுவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. வந்தால் சின்ன அரங்குகளில்தான் வரும், அங்கே அவ்வப்போது வந்துகொண்டும் இருக்கிறது.

ஒரு முழு ரெவ்யூ எப்படி இருந்திருக்கும் என்று கண்ணால் பார்க்க ஆசைப்பட்டால், 1952ன் 'நியூ ஃபேசஸ்' 1954ல் அதே நடிகர்களை வைத்துப் படமாக வந்தது, தேடிப் பாருங்கள். சினிமாக்காரர்களுக்குக் கதை இல்லாமல் விட மனம் வரவில்லை, கடன்காரர் ஒருவர் நிகழ்ச்சியை நிறுத்த வருவதாக ஒரு மெல்லிய கதையை ஒட்டவைத்திருக்கிறார்கள். அந்த இடங்களைத் தள்ளிவிட்டுவிட்டு, எர்தா கிட் சோபா சோபாவாகத் தாவிக்கொண்டே வாழ்க்கை அலுத்துவிட்டது என்று பாடும் இடத்திலிருந்து ஆரம்பியுங்கள்.